பழைய பியானோவின் இரண்டு பெறுமதிகள்

மாடு வாங்கப் போகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது நமது கிராமங்களில் நெடுநாள் வழக்கம். பல்லைக் கொண்டு வயதைச் சொல்லலாம். வயதைக் கொண்டு விலையைப் பேசலாம். பழைய பியானோ ஒன்றை வாங்கப் போகிறவரும் ஏறக்குறைய இதையே செய்கிறார். மூடியைத் திறக்கிறார். வெள்ளையும் கறுப்புமான கட்டைகள் பல்வரிசை போலத் தெரிகின்றன. இரண்டொன்றை அழுத்திப் பார்க்கிறார். பெட்டியின் மெருகைக் கையால் தடவுகிறார். முகப்பில் பித்தளை மெழுகுதிரித் தாங்கிகள் இரண்டும் இருந்துவிட்டால் மனம் பாதி இளகிவிடுகிறது. "நூறு வருஷத்துச் சாமான், இப்படி இனி எங்கே செய்கிறார்கள்?" என்று விற்பவர் சொல்லும்போது, அந்த நூறு வருடமே ஒரு நற்சான்றிதழாகக் காதில் விழுகிறது.

ஆனால் மாட்டின் பல் சொல்லும் உண்மையைப் பியானோவின் பல் சொல்வதில்லை. பழைய பியானோ வாங்கத் தகுந்ததா என்ற கேள்வி வெறும் சந்தைக் கேள்வி போலத் தோன்றினாலும், அதற்கு நேர்மையான விடை தேடப் புகுந்தால் முந்நூறு ஆண்டு கால இசைக்கருவி வரலாற்றுக்குள் நுழைந்தே வெளிவர வேண்டியிருக்கிறது. அந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: பழைய பியானோ ஒன்றுக்கு இரண்டு பெறுமதிகள் உண்டு. ஒன்று நினைவின் பெறுமதி. மற்றது நாதத்தின் பெறுமதி. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பது அரிது. ஒன்றைக் காட்டி மற்றதன் விலையை வாங்கிவிடுவதுதான் பழைய பியானோச் சந்தையின் பழைய தந்திரம்.

பியானோவின் பிறப்பிடம் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம். அங்கே மெடிச்சி இளவரசர் ஃபெர்டினாண்டோவின் இசைக்கருவிகளைப் பராமரித்து வந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர், தந்தியைக் கொக்கியால் மீட்டாமல் சிறு சுத்தியலால் தட்டி ஒலியெழுப்பும் ஒரு கருவியை அமைத்தார். 1700 ஆம் ஆண்டின் அரண்மனைப் பொருட்பட்டியல் ஒன்று, மென்மையாகவும் உரத்தும் ஒலிக்கவல்ல கருவி என்று அதனைக் குறித்து வைத்திருக்கிறது. இத்தாலிய மொழியில் மென்மை 'பியானோ', உரப்பு 'ஃபோர்ட்டே'. பியானோஃபோர்ட்டே என்ற பெயர் அவ்வாறு வந்து, பின்னர் பாதியாகச் சுருங்கியது.

கிறிஸ்தோஃபோரி செய்த பியானோக்களில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. 1720 ஆம் ஆண்டினது நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1722 ஆம் ஆண்டினது ரோமாபுரியில். 1726 ஆம் ஆண்டினது ஜேர்மனியின் லைப்சிக் நகரில். இந்த மூன்றின் இன்றைய நிலையைப் பாருங்கள். நியூயோர்க்கில் உள்ளதை வாசிக்க முடியும். ஆனால் அதன் ஒலிப்பலகை 1938 இல் புதிதாக மாற்றப்பட்டது, கட்டை வரிசையும் அதற்கு முன்பே மாற்றியமைக்கப்பட்டுவிட்டது. ரோமாபுரியில் உள்ளது புழு அரித்து, வாசிக்க முடியாத நிலையில் இருக்கிறது. லைப்சிக்கில் உள்ளது மௌனமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆக, உலகின் மிகப் பழைய பியானோக்கள் மூன்றில் ஒன்று பேசுகிறது, ஆனால் முழுவதும் தன் குரலில் அல்ல. மற்ற இரண்டும் தம் உருவத்தைக் காத்துக் குரலை இழந்துவிட்டன.

அதே இத்தாலியில், அதே காலத்தில், கிரெமோனா நகரில் அன்ரோனியோ ஸ்ட்ராடிவாரி வயலின்கள் செய்துகொண்டிருந்தார். கிறிஸ்தோஃபோரி 1731 இலும் ஸ்ட்ராடிவாரி 1737 இலும் மறைந்தனர். ஸ்ட்ராடிவாரியின் கருவிகளில் ஏறத்தாழ 650 எஞ்சியிருப்பதாகக் கணக்கிடுகின்றனர். அவற்றுட் பல இன்றும் பெரிய அரங்குகளில் ஒலிக்கின்றன. கழுத்தும் உள்ளமைப்பும் சில மாற்றப்பட்டாலும், உடல் அதே உடல்தான். மரம் அதே மரந்தான். வயலினுக்கு முதுமை அழகு என்றால், பியானோவுக்கு முதுமை ஏன் நோயாகிறது? நமது வீணையைக் கூட, பழைய பலாமரத்தில் நாதம் கூடும் என்று சொல்லிப் பேரப்பிள்ளைக்கு எடுத்துவைக்கிறோமே? பியானோ மட்டும் ஏன் இந்த விதிக்குள் அடங்கவில்லை?

விடை அதன் உள்ளே இருக்கும் இழுவிசையில் உள்ளது. வயலினுக்கு நான்கு தந்திகள், வீணைக்கு ஏழு. இன்றைய பியானோ ஒன்றில் 88 கட்டைகளுக்குமாக ஏறக்குறைய 230 தந்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக எழுபது, எண்பது கிலோ எடையைத் தொங்கவிட்டது போல இறுக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 18 முதல் 20 தொன் வரை வரும். வளர்ந்த யானைகள் நான்கின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தின் மூலையில் பூச்சாடி வைக்கும் மேசை போல அமைதியாக நிற்கும் அந்தப் பெட்டி, வாசிக்கப்படாத நேரத்திலும், நள்ளிரவிலும், இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டே நிற்கிறது. வயலினைப் போல முதிர்வதற்கு அதற்கு அவகாசம் இல்லை. அது ஓயாது உழைக்கும் ஓர் இயந்திரம்.

பியானோவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு முழுவதுமே இந்தச் சுமையைத் தாங்குவதற்கான போராட்ட வரலாறு எனலாம். கிறிஸ்தோஃபோரியின் கருவியில் மெல்லிய தந்திகள். மரச்சட்டமே போதுமாக இருந்தது. லண்டனில் ஜேர்மானியரான ஜொஹானஸ் சும்பே 1760 களில் செய்யத் தொடங்கிய சிறிய சதுரப் பியானோக்களும் மரத்தாலானவையே. அவற்றுள் ஒன்றைத்தான் 1768 இல் ஜொஹான் கிறிஸ்டியான் பாக் லண்டன் மேடையில் தனித்து வாசித்தார். பின்னர் அரங்குகள் பெருத்தன. இசையின் ஆவேசமும் பெருத்தது. தடித்த தந்தி வேண்டும், அதிக இழுவிசை வேண்டும் என்ற நிலை வந்தபோது மரம் வளைந்தது, பிளந்தது. 1825 இல் பொஸ்டன் நகரத்து அல்ஃபியஸ் பப்கொக், ஒரே வார்ப்பில் அமைந்த இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1843 இல் அதே நகரத்து ஜோனாஸ் சிக்கரிங் அதனைப் பெரிய கிராண்ட் பியானோவுக்குப் பொருத்தினார். 1859 இல் நியூயோர்க்கின் ஸ்டெயின்வே நிறுவனம், கீழ்ச்சுரத் தந்திகளை மற்றத் தந்திகளின் மேலாகக் குறுக்கே ஓடவிடும் முறைக்கு, கிராண்ட் பியானோவில், காப்புரிமை பெற்றது. 1867 இல் பாரிஸ் கண்காட்சியில் சிக்கரிங்கும் ஸ்டெயின்வேயும் தங்கப் பதக்கம் பெற்றபோது, ஐரோப்பியக் கைவினைஞர்கள் அமெரிக்க இரும்பை வியந்து பார்த்தனர்.

இந்த ஆண்டுகளை இங்கே அடுக்குவதற்குக் காரணம் உண்டு. பழைய பியானோவின் முன்பலகையைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு கண்ணெதிரே கிடக்கும். சட்டம் முழுவதும் இரும்பா, பாதி மரமா? தந்திகள் நேராகக் கீழிறங்குகின்றனவா, குறுக்காகக் கடக்கின்றனவா? ஒலியை அடக்கும் திண்டுகள் சுத்தியலுக்குக் கீழே இருக்கின்றனவா, மேலே இருக்கின்றனவா? மேலே இருந்து கம்பிகளால் கட்டப்பட்டிருந்தால் அந்த அமைப்பு பறவைக்கூடு போலத் தோன்றும். ஆங்கிலேயரும் அதற்கு அப்பெயரையே இட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட நிமிர்ந்த பியானோக்கள் பலவற்றில் இதனைக் காணலாம். அந்தத் திண்டுகள் தந்தியின் நுனிப்பக்கத்தைத் தொடுவதால் ஒலியைச் சரிவர அடக்கமாட்டா. கையை எடுத்த பின்னும் சுரம் முனகிக்கொண்டேயிருக்கும். விற்பவர் அதனை 'நீண்ட நாதம்' என்று சொல்லக்கூடும். கேட்பவர் அது கருவியின் குறை என்று அறிந்திருக்க வேண்டும்.

இனி, நினைவின் பெறுமதிக்கு வருவோம். இதற்கு பீத்தோவனின் பியானோவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1817 ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனின் புகழ்பெற்ற புரோட்வுட் நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் புரோட்வுட், பீத்தோவனுக்கு ஒரு கிராண்ட் பியானோவைப் பரிசாக அனுப்பினார். லண்டனின் இசைவாணர் ஐவர் அதில் தம் பெயரைப் பொறித்தனர். கப்பலில் திரியெஸ்த் துறைமுகம் வரை சென்று, அங்கிருந்து வண்டியில் அல்ப்ஸ் மலைகளைக் கடந்து, 1818 இல் அது வியன்னாவை அடைந்தது. அப்போது பீத்தோவனின் செவிப்புலன் ஏறக்குறைய முற்றாக மங்கியிருந்தது. தன் கைகளுக்கு மட்டும் கேட்ட அந்தக் கருவியை அவர் தட்டினார். மேலும் ஓங்கித் தட்டினார். 1824 இல் லண்டனில் வாழ்ந்த ஸ்டும்ப் என்ற ஹார்ப் தயாரிப்பாளர் அவரைக் காண வந்தபோது, அந்தப் பியானோவின் உச்சச் சுரங்கள் ஊமையாகிப் போயிருந்தன. அறுந்த தந்திகள் சிக்குண்டு கிடந்தன. செய்து ஏழு ஆண்டுகள் கூட ஆகாத, உலகத்தின் சிறந்த பட்டறை ஒன்றிலிருந்து வந்த கருவியின் கதை அது.

1827 இல் பீத்தோவன் மறைந்த பின் அவரது உடைமைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. அன்று ஏலக்கூடத்தில் நின்று அந்தப் பியானோவை நாதத்துக்காக மட்டும் மதிப்பிட்ட ஒருவர் இருந்திருந்தால், திருத்தச் செலவையும் கூட்டிப் பார்த்துத் தலையசைத்து விலகியிருப்பார். அவருடைய கணக்கிலும் பிழை இருந்திராது. வாங்கியவர் ஸ்பினா என்ற வியன்னா இசை வெளியீட்டாளர். பின்னர் அவர் அதனை ஃபிரான்ஸ் லிஸ்ற்றுக்கு அளித்தார். லிஸ்ற் ஹங்கேரியின் தேசிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். புடாபெஸ்ற் நகரில் அது இன்றும் இருக்கிறது. 1990 களின் தொடக்கத்தில் அது திருத்தப்பட்டு மீண்டும் ஒலித்தபோது இசையுலகம் மகிழ்ந்தது. ஆயினும் அருங்காட்சியகத்தார் மத்தியில் தீராத விவாதம் ஒன்று உண்டு. புதிய தந்தியும் புதிய தோலும் இட்டு ஒலிக்கச் செய்தால், பழைய தந்தியும் பழைய தோலும் சொல்லியிருக்கக்கூடிய சாட்சியம் போய்விடுகிறது. ஒலிக்கச் செய்யாது விட்டால், இசைக்கருவி என்ற அதன் பிறவிப் பயனே போய்விடுகிறது. நினைவையும் நாதத்தையும் ஒருங்கே காப்பது அவ்வளவு கடினம்.

நினைவின் பெறுமதியில் வேறோர் ஆபத்தும் உண்டு. நினைவு பொய்யாகவும் இருக்கலாம். 1838 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஷோப்பான் நோயுற்ற உடலோடு ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குச் சென்று, வால்டெமோசா என்ற ஊரின் பழைய துறவிமடத்தில் தங்கினார். பாரிஸிலிருந்து அனுப்பிய பிளெயெல் பியானோ சுங்கத்திலே சிக்கிக் காலந்தாழ்த்தது. அதுவரை உள்ளூரிற் கிடைத்த தரக்குறைவான ஒரு கருவியில் அவர் பணியாற்ற நேர்ந்தது. பிளெயெல் வந்து சில வாரங்களுக்குள் அவர் தீவை விட்டே புறப்பட்டுவிட்டார். பிற்காலத்தில் அந்த மடத்தின் இரண்டு அறைகள் ஷோப்பானின் அறை என்று உரிமை கொண்டாடின. இரண்டிலும் இரண்டு பியானோக்கள். ஆண்டுக்கணக்கில் உல்லாசப் பயணிகள் இரண்டின் முன்னும் உருகி நின்றனர். இறுதியில் வழக்கு நீதிமன்றம் சென்றது. 2011 இல் ஸ்பெயின் நீதிமன்றம் ஒன்று, அவற்றுள் ஒன்று ஷோப்பான் தீவை விட்டுச் சென்ற பின்னரே செய்யப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அவரது விரல் ஒருபோதும் படாத கட்டைகளைப் பார்த்து எத்தனை பேர் கண்கலங்கியிருப்பார்கள்!

இதற்கு நேர் எதிரான கதையும் அதே ஷோப்பானைச் சார்ந்தே இருக்கிறது. 1848 இல் பாரிஸில் புரட்சி மூண்டபோது அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். உடன் ஒரு பிளெயெல் கிராண்ட் பியானோவும் சென்றது. திரும்பும்போது அதனை டிரொட்டர் சீமாட்டிக்கு 80 பவுணுக்கு விற்றுவிட்டார். மறு ஆண்டு ஒக்ரோபர் மாதம் அவர் மறைந்தார். அந்தப் பியானோ இங்கிலாந்தின் வீடுகளுக்குள் பெயரிழந்து மறைந்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகளின் பின், பழைய இசைக்கருவிகளைச் சேகரிக்கும் அலெக் கொப் என்பவர் பழைய பிளெயெல் ஒன்றை 2,000 பவுணுக்கு வாங்கினார். அது நல்ல பழைய பிளெயெல் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. 2007 இல் சுவிஸ் நாட்டு அறிஞர் ஷான் ஷாக் ஐகெல்டிங்கர், பிளெயெல் நிறுவனத்தின் பழைய பேரேடுகளை ஆராய்ந்து, ஷோப்பானுடன் லண்டன் சென்ற கருவியின் இலக்கம் 13819 என்று கண்டார். கொப்பின் பியானோவில் பொறித்திருந்த இலக்கமும் அதுவே. ஒரே நாளில் அந்தப் பெட்டியின் பெறுமதி கணக்கிட முடியாததாயிற்று. அதன் நாதத்தில் ஒரு மாத்திரையும் கூடவோ குறையவோ இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இரு கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு விதி தெளிவாகிறது. நினைவின் பெறுமதிக்குச் சான்று காகிதத்திலும் இலக்கத்திலும் இருக்கிறது. நாதத்தின் பெறுமதிக்குச் சான்று மரத்திலும் கம்பியிலும் இருக்கிறது. 'ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்ததாம்' என்ற வாய்மொழி இரண்டுக்கும் சான்றாகாது. பியானோவின் இரும்புச் சட்டத்திலோ உள்மரத்திலோ பொறித்திருக்கும் தொடரிலக்கம், தயாரித்த நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் ஆண்டைச் சொல்லிவிடும். அதைச் செய்ய விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு விடை.

ஆயினும் நாம் சந்திக்கும் பழைய பியானோக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பீத்தோவனும் இல்லை, ஷோப்பானும் இல்லை. அவை ஒரு பெரும் வெள்ளத்தின் எச்சங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நடுத்தரக் குடும்பத்தின் கண்ணியத்துக்கு அடையாளமாக வரவேற்பறையில் ஒரு பியானோ இருக்க வேண்டும் என்றாயிற்று. தவணைமுறையில் வாங்கும் வசதியும் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1909 ஆம் ஆண்டில் 360,000 இற்கும் அதிகமான பியானோக்கள் உற்பத்தியாயின. அவற்றுள் சிறந்தவையும் இருந்தன. பெட்டியழகுக்கு மட்டும் செய்யப்பட்ட மலிவுச் சரக்கும் மிகுதியாக இருந்தது. புதிய பியானோ விற்பவர்களுக்குப் பழைய பியானோவே பெரும் பகையாயிற்று. 1904 இல் அமெரிக்க வர்த்தகர்கள் அத்லாண்டிக் சிட்டி கடற்கரையில் பழைய சதுரப் பியானோக்களைக் குவித்துத் தீயிட்டனர். பழையது பயனற்றது என்று ஊரறியச் சொல்லும் விளம்பரம் அது. பயனற்றவற்றோடு பயனுள்ளவையும் எரிந்திருக்கும்.

அந்த வெள்ளத்தை வற்றச் செய்தது நெருப்பன்று, கிராமபோனும் வானொலியும்தாம். நமது இலங்கையிலும் 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. குமிழைத் திருகினால் இசை வரும்போது விரல் நோகக் கட்டையைத் தட்டுவானேன் என்று உலகெங்கும் குடும்பங்கள் நினைக்கத் தலைப்பட்டன. வானொலியில் பியானோவைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பழியையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

நமது தீவுக்கும் பியானோவுக்கும் உள்ள தொடர்பு வாங்கியவர் தொடர்பு மட்டுமன்று. கறுப்புக் கட்டைகளுக்குப் பயன்பட்ட மரம் கருங்காலி. அதில் மிகக் கரியதும் இழை நுண்ணியதும் 'சிலோன் எபொனி' என்று உலகச் சந்தையில் நமது நாட்டின் பெயராலேயே வழங்கியது. வெள்ளைக் கட்டைகளின் மேலோ ஆபிரிக்க யானைகளின் தந்தம். சன்சிபார் துறைமுகத்தின் வழியாகச் சென்ற தந்தத்தை மெல்லிய தகடுகளாக அறுப்பதற்கென்றே அமெரிக்காவின் கொனெக்ரிகட் மாநிலத்தில் ஓர் ஊர் வளர்ந்து, ஐவரிற்றன் என்று பெயரும் பெற்றது. பழைய பியானோவின் வெள்ளைக் கட்டையை உற்று நோக்கினால் நுண்ணிய இழையோட்டமும், தகடு இரண்டு துண்டாகப் பொருந்தியிருக்கும் மெல்லிய கோடும் தெரிந்தால் அது தந்தம் எனலாம். இதனைப் பெருமையாகச் சொல்லி விலை கூட்டுவார்கள். ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989 இல் தடை முடிவாயிற்று. இன்று அத்தகைய கருவியை நாடு கடத்துவதற்கே அனுமதிப் பத்திரம் தேவை. தந்தத்தால் நாதத்துக்கு ஒரு பயனும் இல்லை.

காலனித்துவ காலத்தில் பியானோக்கள் கப்பலேறி இங்கே வந்தன. மலையகத்துத் தோட்டத்துரைமாரின் பங்களாக்களுக்கும், பறங்கியர் இல்லங்களுக்கும், மிஷனரிமாரின் பாடசாலைகளுக்கும், தேவாலய மண்டபங்களுக்கும் வந்தன. குளிர்நாட்டில் செய்த பெட்டி நமது புழுக்கத்தில் என்னாகும் என்பதை அன்றைய தயாரிப்பாளர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். ஒட்டுப்பசை இளகியது, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு உரிந்தது. ஆகவே வெப்ப நாடுகளுக்கென்றே கெட்டி மரத்தில், பசையை மட்டும் நம்பாது திருகாணியும் பித்தளைத் தகடும் கொண்டு மூட்டுகளைப் பிணைத்த பியானோக்களைச் செய்து அனுப்பினர். பழைய பியானோவொன்றில் இத்தகைய பித்தளைத் தகடுகளைக் கண்டால், அது அலங்காரம் என்று எண்ணிவிடலாகாது. இந்தக் காற்றுக்கென்றே செய்யப்பட்ட கருவி அது என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலாவதாகப் பார்க்க வேண்டியது கண்ணுக்கே தெரியாத ஒன்று. வீணைக்குப் பிரடை இருப்பது போலப் பியானோவின் ஒவ்வொரு தந்திக்கும் ஓர் இரும்பு முறுக்காணி உண்டு. ஏறத்தாழ 230 ஆணிகளும் ஒரு கடினமான மரப்பலகையில் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்துவைத்திருப்பது மரத்தின் பிடிமானம் ஒன்றே. திருகும் இல்லை, பூட்டும் இல்லை. ஈரமும் வரட்சியும் மாறி மாறித் தாக்கி அந்தப் பலகை வெடித்துவிட்டால், ஆணிகள் நெகிழும். காலையில் கூட்டிய சுருதி மாலையில் இறங்கிவிடும். கொஞ்சம் தடித்த ஆணி போட்டுச் சிலவேளை சமாளிக்கலாம். பலகையையே மாற்றுவதென்றால் தந்தியெல்லாம் கழற்றி, இரும்புச் சட்டத்தையும் தூக்க வேண்டும். செலவு பியானோவின் விலையைத் தாண்டிவிடும். ஒரு சுரத்துக்குரிய மூன்று தந்திகளும் தமக்குள்ளேயே ஒன்றோடொன்று முரண்பட்டு, சில கட்டைகள் சரியாகவும் சில கட்டைகள் பெரிதும் விலகியும் ஒலித்தால், அந்தப் பலகையைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவாக இறங்கியிருந்தால், அது நெடுநாள் கவனிப்பின்மையாக மட்டும் இருக்கலாம்.

ஆனால் அந்த இறக்கத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. சுருதி நிர்ணயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்ஸ் 1859 இல் 'ஏ' சுரத்துக்கு விநாடிக்கு 435 அதிர்வுகள் என்று வரையறுத்தது. இங்கிலாந்தில் அது வெகுகாலம் 450 இற்கும் மேலாக இருந்து, 1896 இல் 439 இற்கு இறங்கியது. 1939 இல் லண்டன் மாநாடு 440 என்று ஒப்புக்கொண்டது. நமது பழைய பியானோ பல ஆண்டு கூட்டப்படாமல் இவை எல்லாவற்றுக்கும் கீழே இறங்கிக் கிடக்கலாம். "ஒருமுறை கூட்டினால் சரியாகிவிடும்" என்பார்கள். துருவேறிய தந்தியை மீண்டும் இழுத்தேற்றும்போது அவை அறுந்து தெறிப்பதும், தளர்ந்திருந்த பலகை மீது தொன் கணக்கில் சுமை ஏறுவதும் அந்தச் சொல்லில் அடங்கவில்லை. சுருதிக் கவை ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

அடுத்தது ஒலிப்பலகை. பின்புறத்தில் தெரியும் அந்த அகன்ற மரப்பலகையில் வெடிப்பு இருந்தாலே பியானோ முடிந்தது என்று எண்ணிப் பயந்துவிட வேண்டியதில்லை. பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் விடுபட்டு, வாசிக்கும்போது தகரம் அதிர்வது போன்ற சத்தம் வந்தாலன்றி, வெடிப்போடு நெடுங்காலம் ஒலிக்கும் கருவிகள் உண்டு. செம்புக்கம்பி சுற்றிய கீழ்ச்சுரத் தந்திகள் கணீரென்று ஒலிக்கின்றனவா, வெறும் பெட்டியில் தட்டியது போல் ஒலிக்கின்றனவா என்று கேட்க வேண்டும். சுத்தியல்களின் கம்பளி முகத்தில் தந்தி வெட்டிய பள்ளம் ஆழமாக உள்ளதா, அந்துப்பூச்சி அரித்ததா என்று பார்க்க வேண்டும். கரையோரமானால் உப்புக் காற்றின் துருவையும், மலைநாடானால் ஈரத்தில் வீங்கிச் சிக்கிக்கொள்ளும் கட்டைகளையும், எங்குமானால் கறையானையும் தேட வேண்டும். கீழ்ப்பலகையைக் கழற்றினால் நுண்ணிய மரத்தூள் கிடக்கிறதா? கிடந்தால், ரோமாபுரியின் கிறிஸ்தோஃபோரிக்கு நேர்ந்த கதி இங்கேயும் தொடங்கிவிட்டது என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக, விலை பேசும் முன்னரே சுருதி கூட்டத் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். விற்பவர் அழைத்து வருபவரை அன்று. நாம் அழைத்துச் செல்பவரை.

அந்தத் தொழிலாளியின் கை எதையெல்லாம் காணும் என்பதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. 1906 இல் விற்கப்பட்ட நிமிர்ந்த புரோட்வுட் பியானோ ஒன்றை, 33 ஆண்டுகள் வைத்திருந்த குடும்பம் 2016 இல் இங்கிலாந்தின் ஷ்றொப்ஷயர் பகுதிப் பாடசாலைக்குத் தானமாகக் கொடுத்தது. சுருதி கூட்ட வந்தவர் கட்டைகளைக் கழற்றியபோது கீழே துணிப்பைகள் இருந்தன. அவற்றுள் 913 தங்க நாணயங்கள். வைத்தவர் யாரென்று இன்றுவரை கண்டறியப்படவில்லை. இது குலுக்கல் சீட்டுக் கதை; எவரும் இதை நம்பிப் பியானோ வாங்கலாகாது. ஆனால் முப்பத்து மூன்று வருடம் ஒரு பெட்டியோடு வாழ்ந்தும் அதன் உள்ளே பார்க்காமலே இருந்துவிடலாம் என்ற பாடம் அதில் இருக்கிறது.

நமது நாட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு பிள்ளைக்காகவே எழுகிறது. லண்டன் இசைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மகளுக்காகவோ, தேவாலயத்தில் வாசிக்க ஆசைப்படும் மகனுக்காகவோ, பெற்றோர் பல வருடச் சேமிப்பை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுருதி நிற்காத பியானோவில் பழகும் பிள்ளையின் செவி, பிழையைச் சரியென்று பழகிக்கொள்கிறது. எழும்பாத கட்டையோடு போராடும் விரல், தன்னிடமே குறை இருப்பதாக நம்பிவிடுகிறது. பியானோவின் குறையைத் தன் குறையாக ஏற்று, இசையே தனக்கு வராது என்று எழுந்து போன பிள்ளைகள் எத்தனை பேரோ! பணநட்டம் பெரிதல்ல, அது ஈடுசெய்யக்கூடியது. ஆகவே பிள்ளைக்கு வாங்குகிறவர் நாதத்தின் பெறுமதிக்கு மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். மெருகு மங்கிய, பெயர் தெரியாத, ஆனால் ஆணியும் பலகையும் உறுதியான பியானோ, புகழ்பெற்ற பெயர் பொறித்த சிதைந்த பியானோவை விடப் பன்மடங்கு மேல்.

அதற்காக, ஒலிக்காத பழைய பியானோக்களையெல்லாம் உடைத்துப் பலகையாக்குவதும் முறையன்று. முன்பலகையைக் கழற்றி அலமாரியாக்கியவர்களும், இரும்புச் சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களும் உண்டு. அப்படிச் செய்யுமுன் அந்தத் தொடரிலக்கத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே கூட்டியவர்கள் பென்சிலால் குறித்து வைத்த பெயரும் திகதியும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். இந்தத் தீவின் எந்த வீட்டில், எந்தப் பாடசாலையில், எந்தக் காலத்தில் இந்த இசை ஒலித்தது என்பதற்கு எழுதப்பட்ட வரலாறு நம்மிடம் மிகக் குறைவு. ஒரு பேரேட்டின் ஒரு வரியும் ஒரு பெட்டியின் ஓர் இலக்கமும் சந்தித்தபோது ஷோப்பானின் பியானோ கிடைத்தது. நமது பழைய பியானோக்களுக்குப் பேரேடு எழுத வேண்டியவர்கள், அவற்றை இன்று வாங்குகிறவர்களும் விற்கிறவர்களுமே.